நாடி அடிபட விழுந்த மண்டையோடும் நான் மினக்கெட்ட மூண்டு கிழமையும்

விழுந்தது ஒரு வியாழக்கிழமை இரவு, பத்து மணி மாதிரி. அக்காவின்ர மகள் யாழ்ப்பாணத்தில இருந்து வந்து கொழும்பு மெடிக்கல் ஃபகல்டியில முதலாம் வருசம் படிக்கிறாள், வெள்ளவத்தையில எங்கட பிளாற்றிலதான் இருக்கிறாள், சாப்பாட்டு மேசை முழுக்க இப்ப அவளின்ர ராச்சியம். புத்தகத்தை விரிச்சு, பக்கத்தில பிளாஸ்ரிக் மண்டையோட்டை வைச்சு வாய்க்குள்ள முணுமுணுத்துப் பாடமாக்கிக்கொண்டிருந்தவள், தண்ணி குடிக்க எழும்பேக்க ஃபோன் சார்ஜர் வயர் காலில கொழுவி, வயர் புத்தகத்தை இழுத்து, புத்தகம் மண்டையோட்டைத் தள்ளி, அது நேர ரைல்ஸ் நிலத்தில நாடி அடிபட விழுந்திட்டுது. நான் அறைக்குள்ள இருந்து ஓடிவந்து பாக்க, பிள்ளை நிலத்தில குந்தி இருந்து ஸ்பிரிங் தேடுறாள், கண் கலங்கிப் போச்சு.

சேதம் என்னெண்டா, கீழ்த்தாடை தனியாக் கழண்டு கிடந்தது. தாடை ரெண்டு பக்கமும் மேல ஏறிப்போய் காதுக்கு முன்னால ஒரு குழிக்குள்ள பூட்டுப்படும் பாருங்கோ, அந்தக் குமிழ் வலப்பக்கம் கழுத்தோட முறிஞ்சு போச்சு. இடப்பக்கக் கழுத்தில மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. கீழ் முன்பல்லு ரெண்டைக் காணேல்ல. தாடையை மண்டையோட பிடிச்சிருந்த ரெண்டு ஸ்பிரிங்கில ஒண்டு சோபாவுக்குக் கீழ கிடைச்சது, மற்றது இண்டைவரைக்கும் இல்லை. வாங்கின ஒன்லைன் கடைக்கு ஃபோன் பண்ணி ஸ்பிரிங் மட்டும் தரேலுமோ எண்டு கேட்டன், முழுசா வாங்குங்கோ எண்டுதான் பதில் வந்தது. டொலர் ஏறினதுக்குப் பிறகு புதுசின்ர விலை நாங்கள் வாங்கின விலையைப் போல ரெண்டு மடங்குக்குக் கிட்ட. எனக்குத் தொழில் கணக்கு, ஆனா வீட்டில எது உடைஞ்சாலும் முதல்ல திருப்புளி எடுக்கிற ஆள் நான்தான். பிள்ளை அழாதையுங்கோ, மாமா ஒரு கிழமையில பூட்டித் தாறன் எண்டு சொன்னன். ஒரு கிழமை எண்டது எப்பிடி மூண்டு கிழமையானது எண்டதுதான் இந்தப் பதிவு.

முதல் நாள் ஒண்டும் செய்யேல்ல, சும்மா கையில வைச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தன். ஒரிஜினல் அளவு மொடல், மூண்டு துண்டாக் கழட்டலாம், மேல்மூடி, அடிமண்டை, தாடை. மேல்மூடி ரெண்டு பக்கமும் கொக்கியால பூட்டுப்படும். தச்ச மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற கோடுகள் எல்லாம் அச்சொட்டா இருக்கு. பிள்ளை சொல்லிக்கொண்டு வாறாள், மாமா இதில 22 எலும்பு இருக்கு, மூளையை மூடுற பெட்டிக்கு 8, முகத்துக்கு 14. எனக்கு எல்லாம் ஒரே கட்டி மாதிரித்தான் தெரிஞ்சுது. பிறக்கேக்க இப்பிடி ஒட்டி இருக்காது, அதுதான் குழந்தைப்பிள்ளையளுக்கு உச்சிக்குழி துடிக்கிறது, முன்னால இருக்கிற பெரிய குழி மூட ஒண்டரை வயசு மாதிரி ஆகும், தாடை கூட ரெண்டு பாதியா இருந்து முதல் வருசத்துக்குள்ள நடுவால ஒட்டுதாம். காதுக்குள்ள கிடக்கிற சின்ன எலும்பு ஆறையும் விட்டா மண்டையோட்டில அசையிறது ஒண்டே ஒண்டுதான் மாமா, அதைத்தான் நான் உடைச்சு வைச்சிருக்கிறன் எண்டாள்.

நான் ஏ.எல். தமிழில படிச்சன், அவளும் தமிழில படிச்சுத்தான் போனவள், ஆனா உள்ள போன உடன எல்லாம் இங்கிலிஸ். நான் நுதலென்பு, சுவரென்பு, பிடரென்பு எண்டு ஞாபகத்தில இருந்த மண்டை எலும்புப் பேருகளைச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு. சிரிக்காதையுங்கோ, மானிப்பாயில கிறீன் எண்ட அமெரிக்க மிசன் டொக்டர் 1800களின்ர நடுவிலயே எங்கட ஆக்களுக்குத் தமிழில வைத்தியம் படிப்பிச்சவர், அனற்றமிக்கு அங்காதிபாதம் எண்டு பேர் வைச்சுப் புத்தகமே போட்டவை எண்டு சொன்னன். அங்காதிபாதம்! எழுதி ஃபிரிஜ் கதவில ஒட்டி வைச்சிருக்கிறாள்.

இன்னொண்டு அண்டைக்குக் காட்டினாள், அது எனக்கு மறக்காது. கண்ணுக்குப் பக்கத்தில, நாங்கள் பொட்டு எண்டு சொல்லுற இடம், அதில நாலு எலும்பு ஒரு எச் எழுத்து மாதிரி வந்து சந்திக்குது. உண்மையான மண்டையில அந்த இடம் மெல்லிசாம், அதுக்கு உள்பக்கமாத்தான் மூளை உறைக்குப் போற ஒரு ரத்தக்குழாய் ஓடுது. மேல்மூடியைக் கழட்டி உள்ள பாத்தா அந்தக் குழாய் கிடந்த தடம் மரத்தின்ர கிளை மாதிரி பிளாஸ்ரிக்கிலயும் வடிவாத் தெரியுது. பந்து கிந்து பட்டு அந்த இடம் வெடிச்சா குழாய் கிழிஞ்சு எலும்புக்கும் உறைக்கும் நடுவில ரத்தம் கட்டும், அடிபட்ட ஆள் எழும்பி நடந்து கதைச்சுப்போட்டு கொஞ்ச மணித்தியாலத்தால திடீரெண்டு விழலாமாம். பொட்டில அடிச்சாப்போல எண்டு சும்மாவே சொல்லி வைச்சினம்.

சரி தாடைக்கு வருவம்.

முறிஞ்ச இடத்தைப் பாத்தப்ப நான் நினைச்சது, மலிவு பிளாஸ்ரிக், அதுதான் மெல்லிய இடத்தில முறிஞ்சிருக்கு எண்டு. பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டுறாள், மனுசருக்கும் அதே இடத்திலதானாம். நாடி அடிபட விழுந்தா அடி தாடை வழியா மேல ஏறிப்போய் குமிழின்ர கழுத்தில முறியும், சிலவேளை ரெண்டு பக்கமும் முறிஞ்சு, நாடியும் நடுவில வெடிக்கும். பரேட்டில வெயிலில நேர நிண்டு மயங்கி, கையை ஊண்டாமல் முகம் குப்புற விழுற சிப்பாய்மாருக்கு வாறதாம், அதால காவல் சிப்பாய் முறிவு எண்டே இங்கிலிஸில பேர். அதில ஒரு நன்மையும் இருக்கு எண்டாள். குமிழ் இருக்கிற குழியின்ர கூரை மெல்லிசு, அதுக்கு மேல மூளை. கழுத்து முறியாமல் அப்பிடியே நிண்டா குமிழ் கூரையை உடைச்சுக்கொண்டு மேல போகலாம். கழுத்து முறியிறதால மூளை தப்புது, வீட்டு வயரிங்கில ஃபியூஸ் எரியிற மாதிரி. எங்கட மண்டையோடும் முறையாத்தான் விழுந்திருக்கு எண்டு ரெண்டு பேரும் சிரிச்சம்.

முதல் முயற்சி சுப்பர் குளூ. எல்லாரும் விடுற பிழைதான். ஒட்டி, பத்து நிமிசம் பிடிச்சு, அடுத்த நாள் மிஞ்சின ஒரு ஸ்பிரிங்கைக் கொழுவ டக் எண்டு அதே இடத்தில கழண்டுது. ஒட்டின இடத்தைச் சுத்தி வெள்ளையாப் பூத்தும் போச்சு, திருநீறு பூசின மாதிரி. இனித்தான் பெரிய விசர் வேலை பாத்தன். அந்த வெள்ளையைத் துடைக்க மனுசியின்ர நெயில் பொலிஸ் ரிமூவரை எடுத்து, பஞ்சில நனைச்சு, குமிழைச் சுத்திப் பஞ்சைக் கட்டி வைச்சிட்டு நியூஸ் பாக்கப் போட்டன். திரும்பி வந்து பாத்தா பஞ்சு குமிழோட ஒட்டி, இழுக்க இழுக்க அல்வா மாதிரி வருது. பி.வி.சி. பிளாஸ்ரிக்கும் அசெற்றோனும் பரம விரோதி எண்டது எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். காய்ஞ்சாப் பிறகு குமிழ் எண்டு சொல்ல ஒண்டும் மிஞ்சேல்ல, சூப்பின மாங்கொட்டை மாதிரி ஒரு துண்டு.

மண்டையோட்டு மொடல் ஆரும் ஒட்டுறதெண்டால் ரிமூவர் பக்கம் போகாதையுங்கோ, சவர்க்காரத் தண்ணியும் பழைய பல்லுத் தேய்க்கிற பிறஸும் காணும்.

ரெண்டாம் முயற்சிக்குச் சாமான் வாங்க சனிக்கிழமை 101 பஸ்ஸில ஏறிப் புறக்கோட்டைக்குப் போனன். தாடையை ஒரு சொப்பிங் பாக்குக்குள்ள போட்டு மடியில வைச்சுக்கொண்டு போறன், பக்கத்தில இருந்த அம்மாவுக்கு பல்லு வரிசை தெரிஞ்சிருக்கும், பம்பலப்பிட்டியில எழும்பி வேற சீற்றில போய் இருந்திட்டா. முந்தி செக் பொயின்ற் இருந்த காலம் எண்டால் இதை விளங்கப்படுத்தி முடிய விடிஞ்சிருக்கும். கெய்சர் வீதியில ஹார்ட்வெயார் கடையில ரெண்டு மில்லிமீற்றர் டிரில் பிற், கையால சுத்துற சின்ன டிரில், அரால்டைட், எப்பொக்சி புட்டி எல்லாம் எடுத்தாச்சு. ஸ்பிரிங்தான் இல்லை. பேனைக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் அமத்துறதுக்குத்தான், எனக்கு வேண்டியது இழுக்கிற ஸ்பிரிங், ரெண்டு முனையிலயும் கொக்கியோட, மூண்டு சென்ரிமீற்றர் நீளம். பஞ்சிகாவத்தையில பழைய வாகனச் சாமான் விக்கிற கடையளில ஒவ்வொண்டா ஏறி இறங்கினன், ஒரு முதலாளி தாடையைக் கையில வாங்கி வடிவா உத்துப் பாத்திட்டு, இது எந்த வருச மொடல் எண்டு சிங்களத்தில கேட்டார். லொறி பிறேக்குக்குப் போடுற ஸ்பிரிங் ஒண்டு எடுத்துத் தந்தார், அதைக் கொழுவினா மண்டையோடு தன்ர பல்லைத் தானே நொறுக்கியிருக்கும்.

ஸ்பிரிங் இல்லாமலே வீட்டுக்கு வந்து முறிவைப் பொருத்துறதில இறங்கினன். வழி என்னெண்டா, ரெண்டு துண்டிலயும் எதிர் எதிரா ஓட்டை போட்டு நடுவில ஒரு கம்பியை ஆணி மாதிரி இறக்கி ஒட்டுறது. கம்பிக்கு பழைய சைக்கிள் ஸ்போக், ரெண்டு மில்லிமீற்றர், துருப்பிடியாது. ஓட்டை நேர் வரவேணும், ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் பல்லுப் பொருந்தாது. அதுக்கு மனுசியின்ர சாந்துப்பொட்டில ஒரு சொட்டு எடுத்து கீழ்த்துண்டின்ர முறிவில வைச்சு, மேல்துண்டை அதில சரியாப் பொருத்தி அமத்தி எடுத்தா, மேலயும் அதே இடத்தில சிவப்புப் புள்ளி. ரெண்டு புள்ளியிலயும் எட்டு மில்லிமீற்றர் ஆழத்துக்கு கையாலயே மெல்ல மெல்லச் சுத்தினன், மெசின் டிரில் பிடிச்சா சூட்டில பிளாஸ்ரிக் உருகி பிற்றில சுத்தும். ஸ்போக்கை அரத்தால கொஞ்சம் சுரண்டி, அரால்டைட் குழைச்சுப் பூசி, இறக்கி, ரப்பர் பாண்டால கட்டி ஒரு முழு நாள் தொடேல்ல. இடப்பக்க வெடிப்புக்கும் அதே மாதிரி ஒரு சின்ன ஆணி. இது ரெண்டும் இண்டைக்கு வரைக்கும் அசையேல்ல.

பிறகு கரைஞ்சு போன குமிழை புட்டியால திரும்பக் கட்டவேணும். நான் வடிவா உருட்டி ஒரு மாபிள் போளை மாதிரி வைச்சன். பிள்ளை பாத்திட்டு, மாமா இது உருண்டை இல்லை எண்டாள். உண்மைதான், இடப்பக்கத்தைப் பாத்தாத் தெரியுது, குறுக்குவாட்டில நீளம், முன்பின் சப்பை. மனுசரில பக்கவாட்டில 15 இல இருந்து 20 மில்லிமீற்றர் வரும், முன்பின் 8, 10தான் வருமாம். அதோட ரெண்டு குமிழும் ஒரே நேர்கோட்டிலயும் இல்லை, உள்முனை கொஞ்சம் பின்னால சாய்ஞ்சிருக்கு, அந்தச் சாய்வில ரெண்டு ஈர்க்கை நீட்டிப் பிடிச்சுப் பாத்தம், அடிமண்டையில முள்ளந்தண்டு நரம்பு இறங்குற பெரிய ஓட்டையின்ர முன்விளிம்புக்குக் கிட்டப் போய்ச் சந்திக்குது. அந்த ஈர்க்கையே மட்டமா வைச்சு புட்டியைத் திரும்பப் பிடிச்சன், ஈரக்கையால தடவி, காய்ஞ்சாப்பிறகு சாண்ட் பேப்பர் போட்டு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வர மூண்டு இரவு.

இப்ப எனக்கு ஒரு பெரிய மூளை வேலை செய்தது. ஸ்பிரிங்தானே இல்லை, கம்பனிக்காரன் வைச்ச ஸ்பிரிங்கை விட நான் நல்ல கீல் ஒண்டு பூட்டுறன் எண்டு, ரெண்டு பக்கக் குமிழுக்கும் பித்தளை போல்ற் போட்டு, குழிக்குப் பக்கத்தில சின்ன எல் பிளேற் அடிச்சு, அலுமாரிக் கதவு மாதிரி அச்சொட்டாத் திறந்து மூடுற மாதிரிச் செய்தன். பாக்க நல்ல வடிவு. திறந்தா மூண்டு சென்ரிமீற்றரோட நிக்குது. அங்கால திறந்தா தாடையின்ர பின்விளிம்பு காதுக்குப் பின்னால இருக்கிற புடைப்பில போய் இடிக்குது. என்ர வாயைத் திறந்து கண்ணாடியில பாத்தன், மூண்டு விரல் நிறுத்தி வைச்சுப் பிடிக்கேலும். மொடலுக்கு ரெண்டு விரல்தான். போல்ற்றை மாத்தினன், பிளேற்றை வளைச்சன், புடைப்பைக் கொஞ்சம் அராவுவமோ எண்டும் யோசிச்சன், பிள்ளை கையைப் பிடிச்சு நிப்பாட்டினாள்.

எங்கட பிளாற்றில மூண்டாம் மாடியில ஒரு ஐயா இருக்கிறார், நாப்பது வருசம் பல்லுக்கட்டுற வேலை செய்தவர், டொக்டர் இல்லை, ரெக்னீசியன், டொக்டர்மார் அச்செடுத்து அனுப்ப செற் செய்து குடுக்கிறவர். பின்னேரம் பிளேன்ரீ குடிக்க வந்தவர் மேசையில இருந்த என்ர கீலைப் பாத்தார், ஒண்டும் சொல்லேல்ல. தம்பி இஞ்ச வாரும் எண்டு என்ர சுட்டுவிரலைப் பிடிச்சு என்ர காதுத் துவாரத்துக்கு முன்னால, ஒரு விரல் அகலம் தள்ளி வைச்சார். இப்ப மெல்லமா ஆ எண்டு திறவும் எண்டார். நீங்களும் இப்ப ஒருக்காச் செய்து பாருங்கோ. முதல் கொஞ்சம் திறக்கேக்க விரலுக்குக் கீழ ஒரு கட்டி நிண்ட இடத்திலயே உருளும். இன்னும் திறக்க, அந்தக் கட்டி விரலை விட்டு முன்னால நழுவி ஓடும், அது இருந்த இடத்தில ஒரு பள்ளம் விழும். 50 வயசில என்ர தாடை முன்னால ஓடுது எண்டதை அண்டைக்குத்தான் கண்டுபிடிச்சன்.

அதுதான் விசயம். முதல் ரெண்டு, ரெண்டரை சென்ரிமீற்றர் வரைக்கும் குமிழ் குழிக்குள்ள நிண்டு சுழலுது, அதுக்கு மேல குழியை விட்டு வெளிக்கிட்டு, முன்னால இருக்கிற மேட்டின்ர சரிவில வழுக்கிக்கொண்டு கீழ இறங்குது. அதால தாடை முழுக்க முன்னால வரும், பின்விளிம்பு எங்கயும் இடியாது, உண்மையான ஆளில எண்டால் தொண்டையையும் நெரியாது. குமிழுக்கும் குழிக்கும் நடுவில ஒரு டிஸ்க் இருக்கு, நடுவில மெல்லிசு, ஓரம் தடிப்பு, குமிழுக்கு மேல தொப்பி மாதிரி இருந்து குமிழோட சேர்ந்து முன்னால போய் சேர்ந்து திரும்பி வரும். டிஸ்க்குக்குக் கீழ சுழல்வு, டிஸ்க்குக்கு மேல வழுக்கல், ஒரு மூட்டுக்குள்ள ரெண்டு மூட்டு. மொடல் செய்யிற கம்பனிக்காரன் டிஸ்க்கை விட்டிட்டான், எலும்பை மட்டும் அச்செடுத்தால் அது வராதுதானே, ஸ்பிரிங்கைப் போட்டுச் சமாளிச்சிட்டான். நான் அந்தச் சமாளிப்பையும் கழட்டி எறிஞ்சிட்டுக் கதவுக்கீல் போட்டிருக்கிறன்.

ஐயா மேல போய் பேப்பரில சுத்தின ஒரு சாமானோட வந்தார். ஆர்ட்டிகுலேற்றர், பித்தளையும் இரும்பும், தையல் மெசினுக்குத் தங்கச்சி மாதிரி. மேல்தாடை அச்சையும் கீழ்த்தாடை அச்சையும் இதில சாந்து வைச்சுப் பூட்டி, வாய் அசையிற மாதிரியே அசைச்சுப் பாத்துத்தான் பல்லு அடுக்குவினமாம். மலிவான ஆர்ட்டிகுலேற்றர் வெறும் கீல்தான், அதில கட்டின செற் வாயில போட்டா மெல்லேக்க தூக்கி அடிக்கும் எண்டார். இவரின்ர சாமானில குமிழ் ஓடுற பாதைக்குத் தனி ஸ்குறூ, சரிவை 30 பாகையில வைச்சிருந்தார், ஆள் ஆளுக்கு வித்தியாசம் வந்தாலும் சராசரிக்கு அதுதான் வைக்கிறதாம். பிறகு என்ர அடிமட்டத்தை வாங்கி, மொடல் தாடையின்ர ஒரு குமிழ் நடுவில இருந்து மற்றக் குமிழ் நடுவுக்கு அளந்தார், குமிழில இருந்து கீழ் முன்பல்லு நடுவுக்கு அளந்தார். மூண்டும் பத்து சென்ரிமீற்றருக்குக் கிட்ட. போன்வில் எண்ட அமெரிக்கப் பல் டொக்டர் 19ஆம் நூற்றாண்டில கனக்கத் தாடையளை அளந்து, இது நாலு அங்குல சமபக்க முக்கோணம் எண்டு சொன்னவராம். எல்லாருக்கும் அச்சொட்டா அப்பிடி வராது, ஆனா சீனாவில வார்த்த பிளாஸ்ரிக்குக்கு வருது பாத்தீரோ எண்டார்.

அண்டிரவே போல்ற் எல்லாம் கழட்டியாச்சு.

டிஸ்க்குக்கு என்ன போடுறது? தோல் துண்டு வெட்டினன், விறைப்பு. யோகா பாய் துண்டு, பிஞ்சு போகுது. கடைசியில வாசலில கிடந்த என்ர பழைய பாட்டா செருப்பு, அதின்ர குதிப்பக்கம் தேய்ஞ்சு நல்ல தடிப்பா ஓரம், மெல்லிசா நடு, கடவுளே செய்து வைச்ச மாதிரி. குமிழின்ர அளவுக்கு நீள்வட்டமா வெட்டி, ரெண்டு பக்கமும் சாண்ட் பேப்பரால நடுவைக் குழிச்சு, நடுவில ஒரு மில்லிமீற்றர், பின் ஓரத்தில மூண்டு. பின் ஓரத்தில ஓட்டை போட்டு, மணிமாலை கோக்கிற இலாஸ்டிக் நூலால குழியின்ர பின்சுவரில கட்டினன், உண்மையான டிஸ்க்கையும் பின்னால இலாஸ்டிக் மாதிரி ஒரு தசைநார்தான் இழுத்து வைச்சிருக்குதாம். மேடு மொடலில மொழுக்கையாக் கிடந்தது, புட்டி வைச்சு 30 பாகை வரச் சரிவு எடுத்து, மேல மெழுகுதிரி தேய்ச்சன் வழுக்க.

ஸ்பிரிங்குக்குப் பதிலா சைக்கிள் ரியூப். ஒண்டரை சென்ரிமீற்றர் அகலத்தில ஒரு பட்டி கன்ன எலும்பு வளைவில இருந்து தாடைக் கோணத்துக்கு, பல்லைக் கடிச்சா கன்னத்தில திரளுதே, அந்தத் தசை. இன்னொரு பட்டி மண்டைப் பக்கத்தில விசிறி மாதிரி விரிச்சு ஒட்டி, வளைவுக்கு உள்ளால இறக்கி, தாடையின்ர முன்கூரில கட்டினன், இது பொட்டுத் தசை. இவ்வளவு நாளும் அந்தக் கன்ன வளைவு ஏன் கைப்பிடி மாதிரி வெளியால நிக்குது எண்டு நினைச்சிருக்கிறன், அதுக்கு உள்ளால ஒரு தசை போக இடம் வேண்டாமோ. கடைசியா, ரெண்டு பக்கமும் குமிழின்ர கழுத்துக்கு முன்பக்கத்தில ஒவ்வொரு மீன்பிடி நரம்பு கட்டி, மண்டையின்ர அடியில மூக்குக்குப் பின்னால இறங்குற தகட்டில போட்ட ஓட்டைக்குள்ளால வெளியில எடுத்தன். இது லற்றரல் ரெறிகொயிட் எண்ட தசைக்கு. பேர் பிள்ளை சொன்னது, மூண்டு தரம் சொல்ல வைச்சுத்தான் எனக்கு வாய் வந்தது.

ரெண்டு நரம்பையும் சேத்து இழுத்தன். தாடை அப்பிடியே முன்னால வழுக்கி, கீழ இறங்கி, ஆ எண்டு திறந்தது. மூண்டு விரல் போகுது. வலப்பக்க நரம்பை மட்டும் இழுத்தா நாடி இடப்பக்கம் போகுது, இடத்தை இழுத்தா வலம், மாறி மாறி இழுத்தா மாடு அசை போடுற மாதிரியே போகுது. பிள்ளை கத்தின சத்தத்துக்கு மேல் வீட்டில இருந்து ஐயா இறங்கி வந்திட்டார், ஒரு மணித்தியாலம் ஆளாளுக்கு மாறி மாறி இழுத்தம், மனுசி வந்து சோறு ஆறுது எண்டு சத்தம் போடுமட்டும்.

அதிலயே ஒருக்கா நான் கூட இழுத்துப் போட்டன். குமிழ் மேட்டைத் தாண்டி அங்கால விழுந்திட்டுது, ரியூப் பட்டி மேல இழுக்க இழுக்க வாய் மூடேல்ல, திறந்தபடியே இறுகி நிண்டுது. எனக்கு உடன ஞாபகம் வந்தது ஊரில ஒரு கலியாண வீட்டில பெரியப்பா கொட்டாவி விட்டு வாய் மூடாமல் நிண்டது, ஆக்கள் பேய் பிடிச்சிட்டுது எண்டு தண்ணி தெளிக்க, ஆசுப்பத்திரியில டொக்டர் பெருவிரல்ல துணி சுத்திக்கொண்டு கடைவாய்ப்பல்லில வைச்சு கீழ அமத்திப் பின்னால தள்ள டக் எண்டு பூட்டினது. மேல தள்ளி மூடப் பாக்கிறதுதான் எல்லாரும் செய்யிறது, மேடு மறிச்சு நிக்கேக்க அது எப்பிடிப் போகும், முதல் கீழ இறக்கினால்தானே மேட்டைத் தாண்டும். மொடலில நானும் அப்பிடியே செய்தன், பூட்டுப்பட்டுது, துணி சுத்தேல்ல, விரல் மாட்டிச்சுது. ஆக்களில நீங்களா இதைச் செய்து பாக்காதையுங்கோ, ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

பல்லு ரெண்டும் ஐயாவின்ர உபயம். செற் கட்டி மிஞ்சின அக்றிலிக் பல்லுகள் ஒரு மிட்டாய் ரின் நிறைய வைச்சிருக்கிறார், எல்லாம் மெழுகுப் பட்டியில ஒட்டினபடி, ஷேட் நம்பரோட. ஏ 3 ஷேட்டில கீழ் முன்பல்லு ரெண்டு எடுத்துத் தந்தார், கொஞ்சம் மஞ்சள், வெத்திலை போடாத ஐம்பது வயசுக்காரன்ர நிறம் எண்டார். நான் ஒட்டிக் காட்ட, கண்ணாடியைக் கூடப் போடாமல், இடம் மாறிப் போச்சு எண்டார். மேல்தாடையில நடுப்பல்லு பெரிசு, பக்கத்துப் பல்லு சின்னன், கீழ்த்தாடையில மறுவளம், நடுப்பல்லுத்தான் வாயிலயே ஆகச் சின்னப் பல்லு. கழட்டி மாத்தினன். பிள்ளை ஒரு மஞ்சள் வயர்த் துண்டை எடுத்து, தாடையின்ர உள்பக்க ஓட்டையில செருகி, முன்கடைவாய்ப்பல்லுக்குக் கீழ இருக்கிற வெளி ஓட்டையால வெளியில வாற மாதிரி ஒட்டினாள். பல்லுப் பிடுங்க விறைப்பூசி போட்டா சொண்டும் நாடியும் ஒரு பக்கம் மட்டும் மரத்துப் போறது அந்த நரம்பாலதானாம், ஊசி அந்த உள் ஓட்டைக்குக் கிட்டப் போடுறது.

பழைய காலத்தில மெடிக்கல் படிக்கிற பெடியளிட்டை உண்மையான எலும்புதான் இருந்தது எண்டு ஐயா சொன்னார், கனக்க இந்தியாவில இருந்து வந்தது, 1985இல இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்த பிறகுதான் பிளாஸ்ரிக் கூடினது. எனக்குப் பிளாஸ்ரிக் எண்டது நிம்மதி, சாப்பாட்டு மேசையில வைச்சு அராவினதெல்லாம் நான்.

இப்ப மிச்சக் குறை ஒண்டுதான். இடப்பக்கம் திறக்கேக்க பாதியில டக் எண்டு ஒரு சத்தம், டிஸ்க்கின்ர பின் ஓரம் தடிப்புக் கூடி, குமிழ் அதைத் தாண்டி ஏறி விழுகுது. எனக்கும் இடப்பக்கம் அதே மாதிரி அப்பளம் கடிக்கேக்க டக் எண்டும், கன வருசமா இருக்கு, நோ இல்லை. கழட்டி இன்னும் அரை மில்லிமீற்றர் தேய்க்கட்டோ எண்டு கேட்டன். பிள்ளை விடேல்ல. வேண்டாம் மாமா, டிஸ்க் விலகினா எப்பிடி இருக்கும் எண்டு வைவாவில, அதுதான் வாய்மொழிச் சோதினையில, கேட்டா சத்தத்தோட காட்டலாம் எண்டு பாக்குக்குள்ள வைச்சுக்கொண்டு போட்டாள்.